புதுப் பட்டதாரி அக்கா

எங்கள் கூரியர் கம்பெனியில் புகார்ப் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கீழே வண்டிகள் ரிவர்ஸ் எடுக்கும் கீச்சொலி காதைத் துளைக்கும். மூடினால் புழுங்கும். திறப்பதா மூடுவதா என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் கலந்துகொள்ளாத ஒரே ஆள், எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த அக்காதான். எங்கள் எல்லோருக்குமே அவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்த மேனேஜர்கூட, "அக்கா, கொஞ்சம் இந்தப் போனை எடுங்களேன்" என்றுதான் கெஞ்சுவார்.

கெஞ்சுவதற்குக் காரணம் உண்டு. பார்சல் வரவில்லை என்று கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களை வழிக்குக் கொண்டுவர அக்காவை விட்டால் ஆள் கிடையாது. எதிர்முனையில் என்ன திட்டினாலும் "ம்... சொல்லுங்க சார்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருப்பார். குறுக்கே பேசவே மாட்டார். திட்டுகிறவருக்கு ஒரு கட்டத்தில் சரக்குத் தீர்ந்துபோகும். அப்புறம்தான் அக்கா வாயைத் திறப்பார். போனை வைக்கும்போது அதே மனிதர், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு மசியாத அழைப்புகளையெல்லாம் அக்கா தலையில் கட்டிவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம்.

பள்ளிக்கூடம் முடித்த வருடமே அக்காவின் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். மேற்படிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அப்புறம் கல்யாணம், ஒரு மகள். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த சமயம், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்ன அப்படிப் பாக்கறே? உனக்கும் வேணும்னா நீயும் போடு" என்று கணவர் கேலியாகச் சொல்லியிருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை. அதைக் கவனித்த பிறகு அவருக்கும் சிரிப்பு வரவில்லை. "சரி, படிக்கணும்னா படி. சமையலை நான் பாத்துக்கறேன். உப்பு மட்டும் நீ வந்து போட்டுடு" என்றார்.

வேலை முடிந்ததும் மாலைக் கல்லூரி. கணினிப் படிப்பு. மகளோ பகலில் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தாள். வீட்டில் இருந்த ஒரே மேசையில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். அக்கா புரோகிராம் எழுதினால் எங்கேயாவது ஒரு அடைப்புக்குறியை மூட மறந்துவிடுவார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "அம்மா, வீட்டுல கதவைத் திறந்து போட்டா மட்டும் எங்களை அந்தத் திட்டுத் திட்டறே!" என்பாள். அக்கா நடுவில் ஒரு தேர்வில் தோற்று, மறுபடி எழுதி, கடைசியில் இருவரும் ஒரே வருடத்தில் பட்டம் வாங்கினார்கள். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு இருவரும் நிற்கிற படத்தை அக்கா எங்கள் பிரிவில் ஒருவர் விடாமல் காட்டினார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

பட்டம் வந்ததே தவிர வேலையில் ஒன்றும் மாறவில்லை. அதே மேசை, அதே போன். "அதுக்கென்ன, எனக்கு ஆசை இருந்தது, படிச்சேன்" என்பார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வேலைவாய்ப்புப் பக்கங்களை மேய்ந்துகொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. நகரத்தின் பெரிய கம்பெனி ஒன்று, கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கிறவர்கள், புதுப் பட்டதாரிகளுக்காக ஒரு பசுமை ஹேக்கத்தான் நடத்தப் போகிறார்களாம். ஹேக்கத்தான் என்றால் எனக்கு அப்போது தெரியாது. அக்காதான் விளக்கினார். முன்பின் தெரியாத நான்கு பேரை ஒரு குழுவாகச் சேர்த்துவிடுவார்கள். இரண்டு நாள். ஒரு யோசனையைப் பிடித்து, அதை ஏதோ ஒரு அளவுக்கு ஓடுகிற பொருளாகச் செய்துகாட்ட வேண்டும். அலுவலகங்களில் மின்சாரம், தண்ணீர், காகிதம், சாப்பாடு வீணாவதைக் குறைப்பதுதான் தலைப்பு. நன்றாகச் செய்கிறவர்களுக்குப் பயிற்சிப் பணி கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டு வருடத்துக்குள் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்களே தவிர, வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விண்ணப்பித்தது மகள்தான். அவள் படித்ததற்கு நேர் பொருத்தம். அவள் போட்டு முடித்ததும், கம்ப்யூட்டர் திறந்துதானே இருக்கிறது என்று அக்காவும் உட்கார்ந்து ஒன்றைத் தட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வான செய்தி அக்காவுக்கு வந்தது. மகளுக்கு "வருந்துகிறோம்" என்று வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் என்ன நடந்தது என்று மறுநாள் அக்கா என்னிடம் சொன்னார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவும் கணவரும் அடுக்களையில் நின்று திருடர்கள் மாதிரி கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகளே வெளியே வந்தாள்.

"நான் போகலடி. எனக்கெதுக்கு அதெல்லாம்? எனக்குப் பதிலா உன்னைச் சேத்துக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார் அக்கா.

"அது என்ன பஸ் டிக்கெட்டாம்மா, கை மாத்திக் குடுக்க?"

"கோபமா இருக்கியா?"

"ஆமா. உன்மேல இல்ல." சற்று யோசித்துவிட்டு, "உன்மேலயும் கொஞ்சம்" என்றாள்.

"அப்ப நான் போகல."

"நீ போகாம இருந்தா இன்னும் கோபம் வரும். போயிட்டு வா. ஆனா அங்க போய் 'என் பொண்ணும் போட்டா, அவளுக்குக் கிடைக்கல'ன்னு ஆரம்பிக்காதே. என் பேச்சே வரக்கூடாது."

அக்கா இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். மேனேஜர் மூக்கால் அழுதபடி கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் காலையில் கண்ணாடிக் கட்டடத்தின் வாசலிலேயே காவலாளி அக்காவை நிறுத்தினார். "பெற்றோர் உள்ள போக முடியாதும்மா. பசங்களை இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றார். அக்கா தன் அடையாள அட்டையை நீட்டினார். காவலாளி அதைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று அசடு வழிந்தார். உள்ளே எல்லோருக்கும் பச்சை டீ-ஷர்ட் கொடுத்தார்கள். மெலிந்த பிள்ளைகளுக்குத் தைத்த அளவு. சட்டைக்கு மேலே அக்கா போட்டுப் பார்த்தார், தோளிலேயே மாட்டிக்கொண்டது. கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

குலுக்கலில் அவருக்குக் கிடைத்த குழுவில் அவரைத் தவிர மூன்று பேர். நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன், உட்கார்ந்த உடனேயே "நாம ஜெயிக்கணும்னா முதல்ல ஒரு பிளான் வேணும்" என்று பலகையில் கட்டம் போட ஆரம்பித்தான். யாரும் கேட்காமலே தலைவனானதால் அவனுக்குக் கேப்டன் என்று பெயர் விழுந்தது. தடிமனான கண்ணாடி போட்டிருந்ததால் 'கண்ணாடி' என்றே பெயராகிவிட்ட ஒரு பெண். புரோகிராம் எழுதுவதில் புலி, ஆனால் வாயில் கொழுக்கட்டை. நாள் முழுக்க அவள் பேசியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். மூன்றாமவன் மின்னணுவியல் படித்தவன். பையைத் திறந்தால் ஒயரும் கம்பியுமாகக் கொட்டியது. அவன் பெயர் கம்பி.

"ஆன்ட்டி, நீங்க..." என்று இழுத்தான் கேப்டன்.

"நானும் உங்களை மாதிரிதான். போன வருஷம் டிகிரி முடிச்சேன். அக்கான்னு கூப்பிடுங்க, போதும்."

முதல் யோசனையை அக்காதான் சொன்னார். அச்சிடுகிற காகிதத்தைக் குறைக்க ஏதாவது செய்யலாம் என்று. கண்ணாடி நிமிராமலே, "இங்க பிரிண்டரே மாடிக்கு ஒண்ணுதான்" என்றாள். அக்கா சுற்றிலும் பார்த்தார். உண்மைதான். எங்கள் அலுவலகம்போலக் காகிதக் குவியல் அங்கே எங்குமே இல்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது என்றார் அக்கா. கேப்டன் நல்லவிதமாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் அது இன்னும் மோசமாக இருந்தது: "பரவால்லக்கா. நீங்க சாப்பாடு, டீ எல்லாம் நேரத்துக்கு வருதான்னு பாத்துக்கறீங்களா? அதுவும் முக்கியமான வேலைதான்."

அக்கா எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினார். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்ததாம். மகள் முகம் ஞாபகம் வந்தது. இடத்தை அவளுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டு, டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? திரும்பிப் போய்க் கேப்டனுக்கு எதிரே உட்கார்ந்தார். "தம்பி, டீ தானா வரும். எனக்கு வேற வேலை குடு" என்றார்.

யோசனை கடைசியில் கம்பியிடமிருந்து வந்தது. அவன் ஒரு மணி நேரமாகக் காணாமல் போயிருந்தான். தூக்கக் கலக்கமாக இருந்ததால் காலியான ஒரு கூட்ட அறையில் போய்ப் படுத்தானாம். "என்னக்கா அநியாயமா இருக்கு! வாசல்ல 'முன்பதிவு செய்யப்பட்டுள்ளது'ன்னு பலகை ஒளிருது. உள்ள ஈ காக்கா இல்ல. லைட்டு எரியுது, ஏசி போட்டு நடுங்குது. என்னால தூங்கவே முடியல" என்று முறையிட்டான். நான்கு பேரும் எழுந்து அந்த மாடியைச் சுற்றி வந்தார்கள். அதேபோல இன்னும் சில அறைகள். யாரோ கூட்டம் என்று பதிவு செய்துவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். பதிவு செய்த நேரம் வந்ததும் விளக்கும் ஏசியும் தாமாகவே ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறு கருவியைக் கம்பி பொருத்துவது. யாரும் இல்லையென்றால் விளக்கையும் ஏசியையும் நிறுத்தி, அறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும் புரோகிராமைக் கண்ணாடி எழுதுவது. மேடையில் பேசுவது கேப்டன். அக்காவுக்குக் கிடைத்தது கணக்கு. போட்டியாளர்களுக்கென்று கம்பெனி கொடுத்த தகவல்களில் அந்தக் கட்டடத்தின் கூட்ட அறைப் பதிவுகளும் இருந்தன. உள்ளே நுழைகிறவர்கள் வாசலில் "வந்துவிட்டோம்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாத பதிவுகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

அதற்கான புரோகிராமை அக்கா ஆமை வேகத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் வந்த விடை கேப்டனைத் துள்ளிக் குதிக்க வைத்தது. பாதிக்கு மேற்பட்ட கூட்டங்களுக்கு ஆளே வருவதில்லை! "அக்கா, நீங்க தங்கம்! இந்த ஒரு எண் போதும், மத்த டீமெல்லாம் காலி" என்றான். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்று வீட்டுக்குப் போனவர் கணவரிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் கண்ணாடி அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, இது தப்பு" என்றாள், மெதுவாக. முன்கூட்டியே ரத்து செய்த கூட்டங்களையும் அக்கா சேர்த்து எண்ணியிருந்தார். ரத்தானவற்றுக்கு விளக்கும் எரியாது, ஏசியும் ஓடாது. அவற்றைக் கழித்தால் பாதி என்பது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

அக்கா பேயறைந்தது மாதிரி உட்கார்ந்துவிட்டார். கேப்டன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"யாருக்கும் தெரியாதுக்கா. அப்படியே விட்டுடலாம். யார் உக்காந்து எண்ணப் போறாங்க?"

"நமக்குத் தெரியுதே தம்பி."

"அஞ்சுல ஒண்ணுன்னு சொன்னா யார் பரிசு குடுப்பாங்க? நீங்க தப்பு பண்ணிட்டு, இப்ப எங்களைப் பலி குடுக்கறீங்க!"

அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவன் பேசட்டும் என்று விட்டுவிட்டார். அவன் வீட்டில் வேலை கிடைக்காததைப் பற்றித் தினமும் நடக்கிற பேச்சு, கூடப் படித்தவர்களெல்லாம் எங்கெங்கோ சேர்ந்துவிட்டது, இதுதான் கடைசி வாய்ப்பு என்று நினைத்து வந்தது, எல்லாம் வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டு அவனே ஓய்ந்தான்.

"தப்பு என்னோடதுதான்" என்றார் அக்கா. "அதை நான் மறைக்கல. ஆனா நாளைக்கு உன்னை வேலைக்கு எடுத்தவங்க அந்தக் கணக்கைப் பாத்தா, கேக்கறது உன்னைத்தான். என்னை இல்ல."

கேப்டன் எழுந்து பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை எழுதினான். எழுத்து சின்னதாக இருந்தது.

அன்று பிற்பகல் இறுதிச் சுற்று. ஒவ்வொருவரும் இரண்டு பேரைக் கூட்டிவரலாம் என்றிருந்தார்கள். அக்காவின் கணவருக்கு எங்கோ ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டு அவசர வேலை. நான் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் அக்காவின் மகள் நின்றிருந்தாள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேனே" என்றேன்.

"நானும்தான்" என்றாள்.

உள்ளே ஒரு நடுத்தரக் கூடம். வெளிச்சம் உள்ளே வராதபடி திரைகளை இறக்கியிருந்தார்கள். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் குட்டை முடி வைத்த ஒரு அம்மா. எந்தக் குழுவிடமும் அவர் புன்னகைத்ததாக நான் பார்க்கவில்லை. அக்காவின் குழுவுக்கு முன்னால் சிலர் வந்து அழகழகான படங்கள் காட்டிப் பேசினார்கள். மகள் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் "இதுல இது ஓட்டை, அதுல அது ஓட்டை" என்று என் காதில் அடுக்கினாள். அவள் தேறியிருக்க வேண்டியவள்தான் என்று எனக்கே தோன்றியது.

அக்காவின் குழு வந்தது. கட்டடப் பராமரிப்புப் பொறியாளரைக் கெஞ்சிக் கூத்தாடி, அந்தக் கூடத்தின் விளக்கையும் ஏசியையும் கம்பி தன் கருவியோடு இணைத்திருந்தான். கருவி நடுவர் மேசையைப் பார்த்தபடி இருந்தது. சாதாரணமாகப் பத்து நிமிடம் பொறுக்கிற கருவியை, செய்துகாட்டுவதற்காக ஒரு நிமிடத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் நடுவர்களை எழுந்து தள்ளி நிற்கச் சொல்வார்கள். விளக்கு அணையும். திரும்பி வந்து உட்கார்ந்தால் எரியும். எல்லோரும் கைதட்டுவார்கள். திட்டம் அதுதான்.

கேப்டன் பிரமாதமாகப் பேசினான். சிக்கலே அதுதான். அவன் பேச்சில் நடுவர்கள் மூவரும் அப்படியே ஒன்றிப்போய்விட்டார்கள். யாரும் தலையை ஆட்டவில்லை, பேனாவை எடுக்கவில்லை, கால் மாற்றிப் போடவில்லை. மூன்று சிலைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டென்று கூடம் இருண்டது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடையில் கேப்டனின் குரல் "அது... அது வந்து..." என்று திக்கி அறுந்தது. மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "ஐயோ, அம்மா" என்றாள்.

இருட்டுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. நான் வருடக்கணக்கில் பக்கத்து மேசையில் கேட்ட அதே குரல், அதே ஏற்ற இறக்கம்.

"வணக்கம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

கூடமே வெடித்துச் சிரித்தது. பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது என்று பிற்பாடு அக்கா சத்தியம் செய்தார். சிரிப்பு அடங்குகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நடுவர்கள் மூணு பேரும் தயவுசெஞ்சு கொஞ்சம் கையை ஆட்டுங்க. நீங்க இங்க இல்லைன்னு அது முடிவு பண்ணிடுச்சு."

குட்டை முடி அம்மா ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். விளக்கு எரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்தாலும் அவர் விடவில்லை. "அப்ப ஆடாம அசையாம உக்காந்து வேலை செய்யறவங்க இருட்டுல உக்காரணுமா?" என்று கேட்டார்.

"இப்ப இருக்கிற நிலைமைக்கு, ஆமாங்க" என்றார் அக்கா. "பத்து நிமிஷம் வெச்சா இது அபூர்வமாத்தான் நடக்கும். ஆனா நடக்கும். இதை நாங்க முன்னாடியே யோசிக்கல."

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கண்ணாடி முன்னால் வந்து அக்காவின் கையிலிருந்த மைக்கைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். "வாசல்ல எண்ணலாம்" என்றாள். "உள்ள எத்தனை பேர் போனாங்க, வெளிய எத்தனை பேர் வந்தாங்கன்னு. அப்ப அசையாட்டியும் பரவால்ல." சொல்லிவிட்டு மைக்கைத் திரும்ப அக்காவிடமே கொடுத்துவிட்டாள்.

அடுத்து எண்ணைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு என்றார் அக்கா. முதலில் தான் பாதி என்று தப்பாகக் கணக்கிட்டதையும், இந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். "வந்தவங்கள்லயும் சிலர் பொத்தானை அழுத்த மறந்திருப்பாங்க. அது எத்தனைன்னு எங்களுக்குத் தெரியாது" என்றும் சொன்னார். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டான்.

பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சும் சாப்பாட்டைக் குறைக்கச் செயலி செய்த குழு முதல் பரிசை வாங்கியது. உள்ளபடியே அது நன்றாகத்தான் இருந்தது, மகளே அதில் ஓட்டை சொல்லவில்லை. அக்காவின் குழுவுக்குச் சிறப்புப் பாராட்டு என்று ஒரு சான்றிதழ். வெளியே வரும்போது அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கருவியை மூலையில ஏத்தி வெச்சிருந்தா பின்னாடி உக்காந்திருந்தவங்களையும் பாத்திருக்கும்" என்றாள் மகள்.

"நீ இருந்திருந்தா சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்." மகள் அக்காவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தம்வரை இருவரும் அந்தக் கருவியை எங்கே மாட்டுவது என்றே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு வேடிக்கையாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கேப்டன், கண்ணாடி, கம்பி மூவருக்கும் பயிற்சிப் பணி கிடைத்த செய்தி அதற்கு முன்பே வந்திருந்தது. அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா "ம்... சொல்லுங்க... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பயிற்சிப் பணிக்கு வயது வரம்பு இருக்கிறதாம். ஆனால் அவர் குரல் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். வரவேற்பில் போன் எடுக்க ஆள் தேவைப்படுகிறது, வர முடியுமா என்று கேட்டிருக்கிறான் மனிதவளப் பிரிவுப் பையன்.

"ரொம்ப நன்றி தம்பி" என்றார் அக்கா. "போன் எடுக்கிற வேலை எனக்கு ஏற்கெனவே இருக்கு. நான் அங்க வந்தது வேற வேலைக்கு."

போனை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்தார். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"அவனைச் சொல்லிக் குத்தமில்ல. அவன் கையில குடுத்த விதி அது" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா வலிக்குதுடி" என்றார். மேசைக்குத் திரும்பி வந்து அடுத்த அழைப்பை எடுத்தார்.

வீட்டில் மகள்தான் தாம்தூம் என்று குதித்தாள். "போட்டிக்குக் கூப்பிடறப்ப வயசு கேக்கல, வேலை குடுக்கறப்ப மட்டும் கேக்கறாங்களா?" என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு நீண்ட மடல் எழுதினாள். உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். கேப்டன் போன் செய்து, "அக்கா, நீங்க இல்லாம நாங்க மட்டும் எப்படி..." என்று இழுத்தான். "லூசு மாதிரி பேசாதே. மரியாதையா போய்ச் சேரு" என்று அக்கா அதட்டினார். அவர்கள் நால்வரும் ஆரம்பித்த வாட்ஸாப் குழு இன்றைக்கும் இருக்கிறது. கேப்டன் தன் மேலதிகாரியைப் பற்றிப் புலம்புவது அதில்தான்.

அதற்குப் பிறகு அக்கா சில நாள் சுரத்தே இல்லாமல் இருந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை நேராக மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எங்கள் கம்பெனியிலேயே கீழ்த்தளத்தில் வழித்தடப் பிரிவு என்று ஒன்று உண்டு. எந்த வண்டி எந்தத் தெருக்கள் வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள். எரிபொருள் செலவைக் குறைக்கவேண்டும் என்று மேலிடத்தில் நெருக்கியதால், கணக்குத் தெரிந்த ஒரு பட்டதாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த இடத்தைக் கேட்டார்.

"நீங்க போயிட்டா திட்டு வாங்க ஆள் ஏதுக்கா?" என்று மேனேஜர் பதறினாராம்.

"இவ்வளவு நாள் வாங்கினேனே, பத்தாதா?" என்றார் அக்கா.

முதல் தடவை நடக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவனை எடுத்தார்கள். அவன் மூன்றாவது மாதமே வேறு இடம் போய்விட்டான். அக்கா மறுபடி போய்க் கேட்டார். இழுபறிக்குப் பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. காலையில் புகார்ப் பிரிவு, மதியத்துக்கு மேல் வழித்தடப் பிரிவு. சம்பளத்தில் பெரிய மாற்றமில்லை. பதவிப் பெயர் மட்டும் கொஞ்சம் நீண்டது. அதே மாதம் மகளுக்கும் வேறு ஊரில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, அக்கா புகார் அழைப்பு ஒன்றில் பாதியில் குரல் கம்மி, என்னிடம் போனைத் தள்ளினார். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

புது வேலை பூப்போல ஒன்றும் போகவில்லை. அவர் முதலில் திருத்திய வழித்தடத்தில், ஒருவழிப் பாதை ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். வண்டி ஒரே வட்டத்தை இரண்டு தடவை சுற்றிவிட்டு வந்தது. மற்றவர்களாக இருந்தால் இரண்டாவது மாடியிலேயே பதுங்கியிருப்பார்கள். அக்கா அன்று சாயங்காலமே ஓட்டுநர்கள் ஓய்வறைக்குப் போய், "இன்னிக்கு அந்த வண்டியைச் சுத்த விட்டது நான்தான். எங்க தப்புன்னு காட்டுங்க" என்று கேட்டார். மூத்த ஓட்டுநர் ஒருவர் பத்து நிமிடம் விடாமல் திட்டினார். அக்கா நின்று கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, காட்டறேன்" என்றார்.

அந்த வழித்தடம் இப்போது சரியாகிவிட்டது. வண்டி முன்பைவிடச் சீக்கிரம் திரும்பி வருகிறது. இந்த வாரம் அக்கா ஆற்றங்கரைப் பக்கத்துத் தெருக்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஏதோ ஒரு பாலத்தை மூடியிருக்கிறார்களாம், கணக்கு உதைக்கிறது என்று நேற்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.